கவிழ்த்து வைத்த கதிரை

இன்று காலை ஒரு பழைய ஆங்கிலேயச் சாப்பாட்டுக் கதிரையை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். பின்சட்டத்தின் அடியில் இரண்டு எழுத்துகள் குத்தப்பட்டிருந்தன. செய்த தச்சன் தன் அடையாளமாகப் பதித்தவை. பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, பன்னிரண்டு ஆண்டுகளாக ஆறாத கோபம்.

அப்போதும் நான் சிட்னியில், இன்று வேலை பார்க்கும் இதே ஏல நிறுவனத்தில் விற்பனைப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். என் விசா அவர்கள் கையில் இருந்தது. ஏலக் கூடத்தைத் துப்புரவு செய்தவர் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர்; வயதில் மூத்தவர் என்பதால் அன்ரி என்று கூப்பிடுவேன். நாங்கள் கதிரைகளின் முதுகையும் காலையும் ஆராய்ந்துகொண்டிருக்க, அவர் ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடியில் தூசி தட்டுவார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இஞ்ச வந்து பாருங்கோ. போன மாசம் வித்த கதிரையளிலயும் இதே ரெண்டு எழுத்துத்தான் கிடந்தது. செய்தவன் ஒராள்தான்."

போன மாதத்துக் கதிரைகள் எந்தப் பட்டறையில் செய்தவை என்பதற்குப் பழைய ரசீதே இருந்தது. புதிதாக விற்பனைக்கு வந்திருந்த இந்த ஆறு கதிரைகளையும் யார் செய்தார்கள் என்று எங்கள் நிபுணர் மூன்று வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். அன்ரி தூசித் துணியோடு நின்று விடையைச் சொல்லிவிட்டார்.

பட்டியல் பிரிவில் ஓர் உதவியாளர் இடம் காலியாக இருந்தது. அன்ரி அதற்கு விண்ணப்பித்திருந்தார். "நான்தான் கண்டனான் எண்டு அவரிட்ட ஒருக்கா சொல்லிவிடுங்கோ" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். நிபுணர் சிரித்துவிட்டு, கண்டுபிடிப்பைத் தன் பெயரில் எழுதச் சொன்னார். விசாவை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டு, என் கையாலேயே எழுதினேன். அந்த வேலை வேறொருவருக்குப் போனது. அச்சான பட்டியலை அன்ரி நின்றபடியே வாசித்தார்.

"ஓம் பிள்ளை, உங்களுக்கும் வேலை வேணும்தானே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த மாதம் அவர் வேலைக்கு வரவில்லை.

அந்த ஆறில் ஒன்றுதான் இப்போது மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. இன்று நான்தான் நிபுணர், தடுக்க ஆளில்லை. விற்பனைப் படிவத்தில் கண்டறிந்தவர் என்ற இடத்தில் அன்ரியின் பெயரை எழுத உட்கார்ந்தேன். கை நின்றுவிட்டது. மூன்று ஆண்டுகள் சேர்ந்து தேநீர் குடித்தோம். அன்ரி, அன்ரி என்று வாய் நிறையக் கூப்பிட்டேன். பெயரை ஒருநாளும் கேட்கவில்லை. அவருடைய விண்ணப்பம் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. துப்புரவு ஒப்பந்தக்காரரிடமும் பழைய பதிவு இல்லை. அந்தப் பழைய நிபுணரைத் திட்டித் திட்டியே இத்தனை காலமும் நான் நல்லவள் என்று நினைத்திருந்தேன்.

படிவத்தில் 'அன்ரி' என்று எழுதினேன். என்மேலேயே ஆத்திரம் வந்து அழித்தேன். கதிரை இன்னும் கவிழ்ந்தபடியே கிடக்கிறது.