எத்தனையாவது ஆள்?

ஆபரேஷன் வெற்றி என்று டாக்டர் அறிவித்த பிறகு, அது எத்தனை வேட்டியை நனைக்கிறது என்று விசாரிப்பதுதான் என் தொழில். பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றில், புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்களுக்குப் போன் போட்டு, "யூரின் கசியுதா? ஒரு நாளைக்கு எத்தனை பேட்?" என்று கேட்டுப் படிவம் நிரப்பும் நர்ஸ் நான். அப்பா வயது ஆண்களிடம் இதைக் கேட்க நேர்ந்த சகோதரிகளே, என் பிழைப்பு உங்களுக்குப் புரியும்.

மாலை போட்ட ரோபோ

எங்கள் ஆபரேஷன் ரோபோ வந்திறங்கிய அன்று பூமாலை, குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. வயிற்றைக் கிழிக்காமல் சின்னச் சின்ன ஓட்டை போட்டே வேலையை முடித்துவிடுமாம். டாக்டர் அதை இயக்கப் பயிற்சி முடித்து வந்த சூடு ஆறவில்லை, அதற்குள் லிஃப்ட் கதவில் அவர் போட்டோ.

காக்ஸ் டவுனிலிருந்து வந்த சேவியர் சார், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், ஆபரேஷனுக்கு முந்தின நாள் கேட்டார்: "டாக்டர், இதுல நீங்க எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க?"

"அங்கிள், உலகம் பூரா இப்ப இதுலதான் பண்றாங்க" என்று தோளைத் தட்டிவிட்டு டாக்டர் போய்விட்டார். சார் இரண்டாவது ஆள் என்பது ஃபைலோடு நின்ற எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்றுவரை அது உறுத்துகிறது. சார் என்னைப் பார்த்துச் சொன்னார்: "கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லையேம்மா."

ஒரே ஒரு பேட்

மூன்று மாதம் கழித்துப் போன் செய்தேன். "ஒண்ணுதான்" என்றார். ஒரு பேட் என்றால் 'கசிவு இல்லை' கட்டத்தில் டிக் போடச் சொல்லி டாக்டர் உத்தரவு. அவர் ஒருநாள் அதைக் கட்டிக்கொண்டு ரவுண்ட்ஸ் வரட்டும், பிறகு பேசலாம். சார் சர்ச் கொயரில் முப்பது வருடம் பாடியவர். இப்போது மூச்சை இழுத்து ஒரு வரி பாடினாலே நனைந்துவிடுகிறது. பக்கத்தில் நிற்பவருக்கு வாடை தெரிந்துவிடுமோ என்று பயம் வேறு. "கொயரை விட்டுட்டேம்மா. அதுக்கு உங்க ஃபார்ம்ல கட்டம் இருக்கா?"

பச்சை நிறப் படம்

அந்த டிக்குகளைப் பச்சை நிற வரைபடமாக்கி, டாக்டர் ஒரு கருத்தரங்கில் காட்டினார். கைதட்டல், சால்வை, தலையில் மைசூர் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகை. போட்டோவைப் பார்த்த ரிசப்ஷன் ஷோபா கேட்டாள்: "ஏன்க்கா, அந்தப் பச்சைப் படத்துல இருக்கிற பேஷண்ட் ஒருத்தரையாவது கூப்பிட்டாங்களா?"

மாமனார்

அடுத்த மாதமே டாக்டரின் மாமனாருக்கும் அதே நோய். லிஃப்ட் கதவு நாயகர் என் மேஜைக்கு வந்தார். வேறு ஆஸ்பத்திரியில் வருடக்கணக்காக ரோபோவில் செய்துவரும் ஒருவரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்க வேண்டுமாம். "இங்கேயே பண்ணலாமே டாக்டர்" என்றேன், வேண்டுமென்றேதான். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "நம்ம வீட்டு ஆளாச்சே சிஸ்டர், அனுபவம் உள்ளவங்ககிட்ட போறதுதான் சேஃப்."

பாக்கியிருந்த பதில்

அன்றே சேவியர் சாருக்குப் போன் போட்டேன். படிவத்தைத் தொடவில்லை. "நீங்க ரெண்டாவது ஆள் சார்" என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது. அவரோ கேட்டார்: "அப்ப முதல் ஆள் எப்படிம்மா இருக்காரு?"

எங்கள் டாக்டர் இப்போது ரோபோவை நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டார். கற்றுக்கொடுத்தவர்கள்தான் வீட்டில் பேட் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.