திருக்கையின் முதுகில் ஒரு முத்து

மீன் வாங்கப் போவதே இப்போது எனக்குப் பெரிய வேலையாகிவிட்டது. கரமனையில் பஸ்ஸை விட்டு இறங்கிச் சந்தைக்குள் நுழைவதற்குள் முழங்கால் முணுமுணுக்கத் தொடங்கிவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை மனைவி வாங்கிவரச் சொன்னது சாளை. மீன்காரியோ ஒரு பெரிய திருக்கையைப் பலகையில் போட்டு உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த தோலை ஓரமாக வீசினாள். கறுத்து, சொரசொரத்துக் கிடந்தது. என்ன தோன்றியதோ, குனிந்து அதன் நடுமுதுகை விரலால் தடவிப் பார்த்தேன். "அதினு காசொந்நும் வேண்டா சாரே, எடுத்தோ" என்று அவள் சிரித்தாள். எடுத்துக்கொண்டு போய் நான் என்ன செய்ய? விரலில் ஒட்டிய வாடையோடு, சாளையை மறந்து வீட்டுக்கு வந்தேன். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

நீங்கள் கவனித்திருக்கிறீர்களா தெரியவில்லை, சில திருக்கைகளின் முதுகு நடுவில் வெள்ளையாக ஒரு மணி இருக்கும். அது முத்து இல்லை, எலும்பு மாதிரி இறுகிப்போன ஒரு பொட்டு. ஆனால் தோலைப் பதனிட்டுச் சாயமேற்றி, மேல்பரப்பை உப்புத்தாளால் நாள்கணக்கில் தேய்த்தால் கறுப்புக்கு நடுவே முத்து போலவே தெரியும். ஒரு தோலுக்கு ஒன்றுதான். இந்த ஞானம் எனக்கு எங்கிருந்து வந்தது என்றால், இருபத்திரண்டு வயதில் நான் துப்பாக்கி உறை செய்கிற பட்டறையில் வேலை பார்த்தேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் முகத்துக்குப் பொருத்தம் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வேலைதான் என்பது மருமகனின் கருத்து.

பட்டறை சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால், மிளகாய் மண்டிக்கு மேலே மாடியில் இருந்தது. கீழேயிருந்து மிளகாய் நெடி, மேலே ஊறிய தோலும் பசையும். முதல் மாதம் முழுக்கத் தும்மிக்கொண்டே வேலை செய்தேன். மொத்தம் மூன்றே பேர். முதலாளி பாஸ்கரன் பிள்ளை, தோல் வெட்டுகிற நான், தைக்கிற செல்வராஜ். வருகிறவர்களிடம் ஆர்டர் எடுப்பதும் செல்வராஜ்தான். லைசென்ஸ் வைத்திருக்கிற எஸ்டேட்காரர்கள், ரிட்டயரான அதிகாரிகள், எப்போதாவது சினிமாக்காரர்கள் வருவார்கள். மாட்டுத்தோல் உறையின் முகப்பில் ஒரு ஜன்னல் வெட்டி, அதற்கு அடியில் வேறொரு அபூர்வத் தோலை வைத்துச் சுற்றித் தைப்பதுதான் எங்கள் பட்டறையின் பெருமை. பாம்பு, உடும்பு எல்லாம் சட்டப்படி கூடாது என்று எப்போதோ ஆகிவிட்டது. அப்படியும் சிலர் கண்ணைச் சிமிட்டிக் கேட்பார்கள். "எனிக்கு ஜெயில்ச்சோறு பிடிக்கில்ல" என்று முதலாளி திருக்கைத் தோலை எடுத்துக் காட்டுவார்.

செல்வராஜுக்கும் என் வயதுதான். பாறசாலைக்கும் அந்தப் பக்கம், எல்லையோரத்து ஊர். முதல் பஸ் பிடித்து வருவான். கோயில் பாட்டுக்குழுவில் பாடுகிறவன், அதனால் சித்திரை வெயிலிலும் கிறிஸ்துமஸ் பாட்டை முணுமுணுத்தபடி தைப்பான். அவனுடைய ஞாபகம் இருக்கிறதே, அது வேறு ஜாதி. யாருக்கு என்ன இடுப்பளவு, எந்தத் துப்பாக்கி, நூல் என்ன நிறம், எதையும் எழுதி வைக்கமாட்டான். "சீட்டு எதுக்குவே? மண்டையில கெடக்கும். எறும்பா வந்து திங்கப்போவுது?" என்பான். இரண்டு வருஷத்துக்கு முன் வந்துபோன ஆள் படியேறும்போதே, "சார், இடுப்பு ரெண்டு இஞ்சு கூடிப்போச்சே" என்று வரவேற்பான். ஆள் கூச்சத்தில் இன்னொரு பெல்ட்டுக்கும் ஆர்டர் கொடுப்பார்.

அந்த வருஷம் தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். எங்கள் வழக்கமோ, ஆளையும் துப்பாக்கியையும் வரவழைத்து, இடுப்பில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கடைசித் தையல் போடுவது. அந்த இரண்டு மாதம் மட்டும் மரத்தில் செதுக்கிய துப்பாக்கிதான் கதி. ஈரத் தோலை அதன்மேல் அழுத்தி வடிவம் பிடிப்போம். அப்போதுதான் வித்துராவுக்கு மேலே ரப்பர் எஸ்டேட் வைத்திருந்த ஒருவர் வந்தார். பெரிய முத்தாகப் பார்த்துப் பதிக்கவேண்டும் என்றார். அப்படியொரு தோலுக்காக முதலாளி நான்கு வாரம் ஆம்பூருக்கு எழுதிக்கொண்டே இருந்தார்.

தோல் வந்த அன்று சாயங்காலம் செல்வராஜ் என் மேஜைக்கு வந்தான். நான் பழம்பொரி தின்றுகொண்டிருந்தேன். "மக்கா, வித்துராக்காரரு எடத்தே கையாக்கும், கேட்டியா?" என்றான். "ம்" என்றேன். கேட்டது. நன்றாகவே கேட்டது. பழம்பொரி ஆறிப்போயிருந்ததுகூட எனக்கு நினைவிருக்கிறது.

தோலின் உள்பக்கத்தில்தான் வரைந்து வெட்டுவோம். அதனால் அளவு அட்டையைக் கவிழ்த்து வைப்பது வழக்கம். இடது கைக்காரருக்கு மட்டும் கவிழ்க்காமல் வைக்கவேண்டும். மறுநாள் காலை என் கை பாட்டுக்கு அட்டையைக் கவிழ்த்துவிட்டது. நினைத்துச் செய்ததல்ல, பழக்கதோஷம். வலது கை உறையாக வெட்டினேன், ஜன்னல் வைத்தேன், முத்தை நட்டநடுவில் நிறுத்தினேன். துண்டுகளை எண்ணெய்த் துணியில் சுருட்டி வைத்தேன். அடுத்த வாரம் செல்வராஜ் தைத்தான். வெட்டி வந்ததைத் தைக்கிறவன் அவன், கையில் பத்து உறைகள். மரத்துப்பாக்கிக்கு இடதும் தெரியாது வலதும் தெரியாது, அது சமர்த்தாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

வித்துராக்காரர் வந்து உறையை இடது இடுப்பில் மாட்டினார். முத்து உள்பக்கமாகப் போய்விட்டது. குனிந்து பார்த்தார். "முத்து என்றெ வயறினெ காணிக்கானோ?" வயிற்றுக்குக் காட்டவா முத்து என்று அவர் கேட்டது தமாஷாகத்தான் இருந்தது, யாரும் சிரிக்கவில்லை. அவர் உறையை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அவரோடு அந்த மலைப்பக்கத்து ஆர்டர்கள் மொத்தமும் இறங்கிப் போயிற்று என்று முதலாளிக்குத் தெரியும்.

"ஆராடா ஓர்டர் எடுத்தது?"

"நானாக்கும் முதலாளி. எடத்தே கைன்னு இவன்கிட்ட சொல்லியாச்சு" என்றான் செல்வராஜ், சாதாரணமாக.

முதலாளி என்னைப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மாமா பத்து தடவை நடந்து வாங்கிக்கொடுத்த வேலை. வீட்டில் அப்பா படுத்த படுக்கை. இதையெல்லாம் இப்போது வரிசையாகச் சொல்ல முடிகிறது, அன்றைக்கு இருந்தது பயம் மட்டும்தான்.

"எங்கிட்ட சொல்லல்ல" என்றேன்.

செல்வராஜ் கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். சீட்டு கிடையாது, எழுத்து கிடையாது. அன்றே முதலாளி அவன் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். கீழே மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "சொன்னதா ஓர்மை மக்கா. ஒருவேள சொல்லாம விட்டிருப்பேன். ஒனக்கும் ஏச்சு வாங்கித் தந்துட்டேன், மனசுல வச்சுக்காத" என்றான். அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். நானும் மன்னித்தேன், தலையை ஆட்டி.

பிறகு நானும் அங்கே அதிக நாள் இல்லை. ஒரு அச்சகத்தில் பைண்டிங் பக்கம் போனேன், அதிலேயே வயதும் போனது. செல்வராஜ் ஊர்ப்பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். பல வருஷம் கழித்துத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் அவனே என்னைக் கண்டுபிடித்தான். தலை முழுக்க நரை, அதே சிரிப்பு. சட்டைப் பை புடைத்துக்கொண்டிருந்தது, உள்ளே கற்றையாகத் துண்டுச் சீட்டுகள். என் போன் நம்பரை எழுதினான், திரும்ப ஒரு தடவை படித்துக் காட்டச் சொன்னான், பெயருக்குக் கீழே கோடு போட்டான். "எழுதல்லேன்னா போச்சு. என் மறதிதான் ஒனக்குத் தெரியுமே மக்கா" என்றான். சொல்லிவிட வாயைத் திறந்தேன். களியக்காவிளை பஸ் வந்துவிட்டது என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் அந்த பஸ் கிளம்பக் கால்மணி நேரம் இருந்தது.

மிளகாய் மண்டி இருந்த இடத்தில் இப்போது போன் உறை விற்கிறார்கள். பாம்புத்தோல் மாதிரி அச்சடித்த பிளாஸ்டிக், எந்தக் கைக்கும் பொருந்தும். மாடி இல்லை, முதலாளி இல்லை. போன மழைக்காலத்தில் செல்வராஜும் போய்விட்டான். சீட்டிலிருந்த நம்பரைப் பார்த்து அவன் மகன் கூப்பிட்டான்.

மூன்றாம் நாள் போனேன். வீட்டுச் சுவரெல்லாம் சீட்டு. கேஸ் அடைத்தாயா. பின்வாசல் பூட்டியாயிற்றா. சாவி எங்கே. அவன் கையெழுத்து. அவன் மனைவி கட்டன்சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்தா இத்தன வருஷத்துல ஒரு காரியம் மறந்தது கெடையாது அண்ணா. பிள்ளையளுக்கப் பரீட்ச மார்க்கு வரைக்கும் சொல்லுவாரு. பின்ன எதுக்குத் தன்னையே நம்பாம இப்பிடிக் கெடந்து எழுதினாருன்னு எனக்கு மனசிலாவல்ல. நீங்க சின்ன வயசுல கூட வேல பாத்தவிய. ஒங்களுக்கு வல்லதும் தெரியுமா?"

சாயாவை எடுத்து ஒரு வாய் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

"தெரியல்லியே" என்றேன்.