அரக்கு முகப்பு

என் ஓரகத்தி வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குப் புது முகப்பு கட்டினால் எனக்கென்ன நோகிறது? நொந்தது. நன்றாகவே நொந்தது.

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட நாங்கள் இருவரும் டீச்சர்கள். அவளுக்கு அருப்புக்கோட்டையிலேயே, எங்கள் வீட்டுக்கு அடுத்த நெசவாளர் தெருவில் பள்ளிக்கூடம். எனக்குத் திருச்சுழி தாண்டி ஒரு கிராமம். மண்சுவர், ஓலைக்கூரை. காற்றுக்காலத்தில் கூரையைப் பார்ப்பேனா, பாடத்தைப் பார்ப்பேனா? என் மகளும் என்னோடு பஸ்ஸில் வந்து அங்கேதான் படித்தாள். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். அதை மட்டும் எவளுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றிருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த முகப்பு எழும்பியது. மேலே காற்று வர ஓட்டை ஓட்டையாகச் சிமெண்ட் ஜாலி. கீழே, சிமெண்டில் வெள்ளைக் கல்சில்லு கலந்து பூசி, இறுகுவதற்குள் தண்ணீர் அடித்துக் கழுவிய சுவர். சில்லுகள் துருத்திக்கொண்டு வெயிலில் மினுங்கும்.

"எங்க பள்ளிக்கூடத்து முகப்பைப் பாத்தீகளாக்கா? தொட்டா சொரசொரன்னு இருக்கு" என்பாள். சோறு போடும்போதும் அதே பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"முதுகு சொறியத் தோதா இருக்கும்" என்றேன். அவள் சிரித்தாள். என் மகளும் அவளோடு சேர்ந்து சிரித்தாள். அதுதான் பொறுக்கவில்லை.

கொஞ்ச நாளில் எனக்கும் ஒரு நல்ல காலம் வந்தது. நெசவாளர் தெருவில் சாயம் தோய்த்த நூலைக் கழியில் மாட்டித்தான் காயப்போடுவார்கள். அந்த ஜாலி ஓட்டைகளைப் பார்த்தவர்களுக்குக் கழியைச் செருகாமல் கை சும்மா இருக்குமா? விடுமுறையில் செருகிவிட்டார்கள். ஈர நூலிலிருந்து அரக்குச் சாயம் வடிந்து முகப்பெங்கும் கோடு கோடாக இறங்கியிருந்தது. அடி ஆத்தி, என் வயிறு குளிர்ந்ததே! பஸ்ஸுக்குப் போகும் வழி அதுவல்ல. ஆனாலும் சுற்றிப் போய்ப் பார்த்தேன்.

தேய்த்துப் பார்த்தார்கள், போகவில்லை. தலைமையாசிரியர் தெருவில் நின்று கத்தினார். தெருக்காரர்கள் கூடிப் பேசினார்கள். "கறை பட்ட நூலை முழுசா அதே சாயத்துல முக்கிருவோம் சார். அப்புறம் கறை ஏது? கோவிச்சுக்கிறாதீக" என்று சொல்லிவிட்டு, அவர் வேண்டாம் என்பதற்குள் அண்டாவில் சாயம் காய்ச்சி, வெள்ளையடிக்கும் மட்டை கொண்டு சுவர் முழுவதும் அடித்துவிட்டார்கள்.

போச்சு! சிமெண்டு சாயத்தைக் குடித்தது, கல்சில்லு குடிக்கவில்லை. அரக்குச் சேலையில் வெள்ளைப் புட்டா போட்டதுபோல் ஆகிவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கிய சனமெல்லாம் போய்ப் பார்த்தது. எனக்கு வயிறெரிந்தது.

"அம்மா, நான் சித்தி பள்ளிக்கூடத்துக்குப் போறேன்" என்றாள் மகள்.

"ஏன்டி, நம்ம பள்ளிக்கூடத்துக்கு என்ன கேடு?"

பிள்ளை பஸ்ஸில் அலைய வேண்டாமே என்று வீடே மகள் பக்கம் நின்றது. "நான் பாத்துக்கிறேன்க்கா" என்றாள் ஓரகத்தி. பார்த்துக்கொள்வாளாம்! பெற்றவள் நான். ஜூனில் அங்கே சேர்த்தோம். பஸ்ஸில் ஜன்னலோரத்தில் என் பையை வைத்துக்கொண்டு போனேன்.

முதல் வாரமே மகளுடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் அரக்குக் கறை. வேர்த்த முதுகோடு அந்தச் சுவரில் சாய்ந்திருக்கிறாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "உங்க முகப்பு லட்சணத்தைப் பாரு" என்று ஓரகத்தி காதில் விழச் சொல்லிக்கொண்டே, சவுக்காரம் போட்டு அடித்துத் தேய்த்தேன்.

மகள் ஓடிவந்து சட்டையைப் பிடுங்கினாள். "தேய்க்காதம்மா! எல்லாப் பிள்ளைக முதுகுலயும் இருக்கு. இது எங்க பள்ளிக்கூடத்துக் கறை."

என் மண்சுவர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள் அவள். அப்போதெல்லாம், எங்கே படிக்கிறாய் என்று யாராவது கேட்டால், "எங்கம்மா பள்ளிக்கூடத்துல" என்றுதான் சொல்லுவாள்.