டாக்டரிடம் மறைத்த நோய்

என் மகளுக்குப் பதினொரு வயது. ஓயாமல் கண்ணைக் கசக்குவாள். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்றாள். சென்ற வருடம் மாமியையும் கூட்டிக்கொண்டு, கல்முனையிலிருந்து பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போய்க் கண் டாக்டரிடம் காட்டினேன்.

"உங்கள் குடும்பத்தில் யாருக்காவது கண் நோய் உண்டா?" என்று அவர் கேட்டார்.

என் காக்காவுக்கு, மூத்த சகோதரருக்கு, உண்டு. கருவிழியின் முன்பக்கம் மெலிந்து கூம்புபோலப் பிதுங்கி, கண்ணாடி போட்டும் பார்வை தெளியாத நோய் அது. ஆனாலும் "இல்லை" என்று சொல்லிவிட்டேன். நாளை மகளுக்கு மாப்பிள்ளை பேசும்போது இந்தக் கதை வருமே என்ற பயம்.

மாமி விடவில்லை. "என்ன புள்ள பொய் சொல்லுறாய்? உன்ட காக்கா என்ட தம்பிட மகன்தானே, எனக்குத் தெரியாதா? டாக்டர் ஐயா, அவனுக்குக் கண் கூம்பிப் போய்க் கிடக்கு. இவள் கட்டியிருக்கிறதும் என்ட மகனைத்தான்."

டாக்டர் கோபிக்கவில்லை. "சில குடும்பங்களில் இது இரத்தத்தோடு வருவதுண்டு. சொந்தத்துக்குள் கட்டியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். எல்லோருக்கும் வரும் என்றில்லை" என்றார். வட்டக் கோடுகள் வரைந்த தட்டொன்றை மகளின் கண்ணுக்கு நேரே பிடித்து, கருவிழியில் அவை எப்படி விழுகின்றன என்று பார்த்தார். அல்ஹம்துலில்லாஹ், ஒரு வட்டமும் கோணவில்லை. இப்போதைக்கு அந்த நோய் இல்லை, கிட்டப்பார்வைதான் என்றார். கண்ணைக் கசக்க விடாமல் பார்த்து, வருடந்தோறும் காட்டச் சொன்னார்.

இப்போது எந்த டாக்டரிடம் போனாலும், கேட்குமுன்பே காக்காவின் கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை வீட்டாரிடமும் சொல்ல எனக்குத் தைரியம் வருமா, தெரியாது.

"நீ சொல்லாட்டி நான் சொல்லுவன்" என்கிறார் மாமி.