கரீம் அண்ணையின் கசெற்

போன சனிக்கிழமை ரொக்ஸ்பரோவில் ஒரு ஆப்கான் ரொட்டிக் கடையில் அந்தப் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. பாடுவது யாரென்று கடைப்பிள்ளையிடம் கேட்டேன். "அப்பாவுக்குத்தான் தெரியும்," என்று பிரெஞ்சில் சொல்லி, ரொட்டியைக் கடதாசியில் சுற்றித் தந்தாள். சூடான எள்ளு வாசம். கரீம் அண்ணை ரொட்டியைக் காரின் ஹீற்றருக்கு முன்னால் பிடித்துத்தான் சூடாக்குவார்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் கார்ட்டியர்வில்லில் ஒரு நிலக்கீழ் அறையில் தனியே இருந்தேன். மனைவி யாழ்ப்பாணத்தில், ஸ்பொன்சர் கடிதத்துக்குக் காத்திருந்தாள். காபூல்காரரான கரீம் அண்ணையும் நானும் புவாண்ட்-கிளேரில் ஒரே கிடங்கில் பெட்டி அடுக்கினோம். காலையில் என்னைக் காரில் ஏற்றிப் போவார். சில நாட்களில் நான் வாய் திறந்து கதைத்த ஒரே ஆள் அவர்தான். நான் அண்ணை என்று கூப்பிட, அவரும் தம்பி என்று பழகிவிட்டார். மற்றதெல்லாம் உடைந்த ஆங்கிலம். இரண்டு பேருக்கும் ஒரே அளவு உடைவு என்பதால் நன்றாக விளங்கும்.

காரில் ஒரேயொரு கசெற். பாடியவர், காபூலே தலையில் வைத்துக் கொண்டாடிய ஒரு பாடகர்; இளவயதிலேயே செத்துப்போனார். எப்படிச் செத்தார் என்பதற்கு ஆளுக்கொரு கதை. பிறகு பாட்டே கூடாது என்ற காலம் வந்தபோது, சனம் அவருடைய கசெற்றுகளை வீட்டு வளவுக்குள் புதைத்து வைத்ததாம். காரில் இருந்தது, கரீம் அண்ணை வீட்டுக் கலியாணத்தில் அந்தப் பாடகர் பாடியது. இரண்டு பாட்டுக்கு நடுவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்வாள்.

"என்ன சொல்லுறா அண்ணை?"

"அதையே இன்னொருக்காப் பாடச் சொல்லுறாள். என்ர தங்கச்சி. ரொக்கெற் விழுந்து செத்துப்போனாள். குரல் இதில மட்டும்தான் இருக்கு."

ஒரு வெள்ளிக்கிழமை பிரதி எடுக்கவென்று அந்தக் கசெற்றை வாங்கிப் போனேன். உண்மையில், அறையில் ஒரு மனிதச் சத்தம் வேண்டியிருந்தது. ஞாயிறு மதியம் என் பழைய ரேப் ரெக்கோடர் நாடாவைச் சப்பிவிட்டது. கசங்கிய துண்டை வெட்டி எறிந்து, மிச்சத்தை ஒட்டினேன். கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டதாக ஒரு நினைப்பு வேறு.

திங்கள் காலை நெடுஞ்சாலையில் ஓடும்போது பாட்டு முடிந்தது. கைதட்டல் வந்தது. உடனே அடுத்த பாட்டு.

"அண்ணை, நாடா சிக்கிப்போட்டுது. கொஞ்சம் வெட்டினனான்."

"எவ்வளவு?"

விரல்களை விரித்து ஒரு சாண் காட்டினேன். என் கையைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார்.

"பரவாயில்லைத் தம்பி."

பின்னேரம் அறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். குப்பை வண்டி காலையிலேயே வந்து போயிருந்தது.

மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து ஹோர்ன் அடித்தார். ரொட்டியில் பாதி தந்தார். கசெற்றை மட்டும் பிறகு போடவேயில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்கச் காரின் சில்லு உருளும் சத்தத்தைக் கேட்டபடி போய்வந்தோம். வசந்தத்தில் மருமகனோடு இருக்க வன்கூவர் போனார். ஒருமுறை போன் எடுத்து, "மனிசி வந்திட்டாவோ?" என்று கேட்டார். அவள் வந்த செய்தியைச் சொல்ல நான் எடுத்தபோது அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.

மறந்துபோன பெயரைக் கடைப்பிள்ளையின் அப்பாவிடம் கேட்டுக்கொண்டேன். அந்தப் பாடகரின் பாட்டுகள் இப்போது எல்லோருடைய போனிலும் கிடைக்கின்றன. பழைய கலியாண ஒலிப்பதிவுகளைக்கூட யாரோ ஏற்றியிருக்கிறார்கள். பாட்டை விட்டுவிட்டு, இடையில் வரும் கைதட்டலுக்காகக் காத்திருக்கிறேன். யாரோ இருமுகிறார்கள், ஒரு குழந்தை அழுகிறது. அந்தத் தங்கச்சி இன்னும் வரவில்லை.