ஏழாம் நம்பர் தும்பி

இன்று காலை உரும்பிராய்ச் சந்தியில் என் ஸ்கூட்டிக் கண்ணாடியில் ஒரு சிவப்புத் தும்பி வந்து உட்கார்ந்தது. வேலைக்குப் பிந்திவிட்டது என்று தெரிந்தும் அதை எழுப்ப மனம் வரவில்லை. பக்கத்துக் கடையில் யாரோ கேற்றுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார்கள். தும்பியும் அந்த வாசமும் சேர்ந்து வந்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

காரணம் கேளுங்கள். கோப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கப் போன முதல் வருடம். புதிதாக வந்தவள் கெட்டிக்காரி என்று காட்டவேண்டுமென்ற அவதி எனக்கு. கண்காட்சிக்காகப் பெரிய பலகையில், ‘கோப்பாய்த் தும்பிகள்: பன்னிரண்டு இனங்கள்’ என்று பெயின்றால் எழுதினேன். எழுதிய பிறகுதான் எண்ணத் தொடங்கினேன் என்பதை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

இறக்கையை விரித்தபடி உட்கார்ந்தால் தும்பி, முதுகின்மேல் மடித்தால் ஊசித்தும்பி. அதுவரைக்கும் சரி. அதற்குப் பிறகு நிறத்தை நம்பினேன். எங்கள் ஊர் மாம்பழங்களைப் பார்த்து வளர்ந்த கண் வேறெதை நம்பும்? கறுத்தக்கொழும்பான் வேறு, வெள்ளைக்கொழும்பான் வேறு. அப்படியே சிவப்புத் தும்பி ஆறாம் நம்பர், மஞ்சள் தும்பி ஏழாம் நம்பர். பன்னிரண்டு கச்சிதமாக வந்துவிட்டது. ஆசிரியர் அறையில் நான் அடித்துக்கொண்ட பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

கண்காட்சிக்கு முதல்நாள், ஆய்வுகூட உதவியாளர் வசந்தாக்கா கிணற்றடியில் சோதனைக்குழாய்கள் கழுவிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். பக்கத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே சிவப்பு, மஞ்சளின் கழுத்தை வால் நுனியால் கவ்விக்கொண்டு பறந்தது.

“ரீச்சர், உங்கடை ஆறாம் நம்பரும் ஏழாம் நம்பரும் கலியாணம் முடிச்சிட்டுதுகள்.”

முதலிலேயே பார்த்திருக்கவேண்டிய புத்தகத்தை நூலகத்தில் அப்போதுதான் புரட்டினேன். ஆண் சிவப்பு, பெண் மஞ்சள், இனம் ஒன்று. பேசாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பிள்ளைகள் பன்னிரண்டையும் கொப்பியில் எழுதிவிட்டார்களே, பிழையென்று தெரிந்துகொண்டு எந்த முகத்தோடு வகுப்புக்குள் போவது? வசந்தாக்கா பெயின்ற் பேணியைத் திறந்து தந்தார்.

பன்னிரண்டைப் பதினொன்றாக்கினேன். ஆறாம், ஏழாம் நம்பர்ப் படங்கள் இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் ஒட்டினேன். வசந்தாக்கா சுற்றிவரத் தூரிகையால் கலியாண மாலை கீறினார். மறுநாள் அதன் முன்னால்தான் கூட்டம். நடுவராக வந்தவர், அடியில் பழைய எழுத்து தெரிவதைப் பார்த்து, மற்றது எங்கே என்று கேட்டார்.

“அப்பிடி ஒண்டு இல்லை, சேர். நான் பிழையா எண்ணிப்போட்டன்.”

அவர் மாலைக்குள் இருந்த சோடியைக் குனிந்து பார்த்தார். “அப்ப நானும் இவ்வளவு காலமும் பிழையாத்தான் எண்ணியிருக்கிறன்” என்றார். பரிசு வேறு பள்ளிக்கூடத்துக்குப் போனது. எனக்கோ சந்தோஷத்தில் அன்று சோறுகூட இறங்கவில்லை.

இப்போது அந்தத் தொட்டி இல்லை, குழாய் போட்டுவிட்டார்கள். வசந்தாக்கா ஓய்வு பெற்று, கீரிமலையில் மகளோடு இருக்கிறார். நான் மட்டும் ஒவ்வொரு மாரிக்கும் கோப்பாய் வயல்வெளிக்குப் போய்த் தும்பி எண்ணுகிறேன். பதினொன்றும் சுகமாக இருக்கின்றன. அழிந்துபோனது ஏழாம் நம்பர் ஒன்றுதான், அதுவும் என் தூரிகையால்.