கவிழ்த்தும் சிந்தாத குப்பி

சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே இருப்பது சிந்தாமல் நிற்பதைப் பார்த்து அக்கா சிரித்த முகம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. தொண்ணூறுகளின் கடைசி. திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேதியியல் பிரிவில் நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அக்கா எனக்குச் சீனியர். அந்த ஊரின் பெரிய சந்தையான சாலைக் கடைவீதியில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண். “உள்ள இருக்கது முக்காவாசியும் சால்வென்டாக்கும். ஆனாலும் விழல்ல, பாத்தியா?” என்றாள்.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக ஒரு சேர்மம் தயாரித்தால் அதைச் சூடான சால்வென்டில், அதாவது கரைப்பானில், கரைத்து ஆறவிடுவோம். படிகம் இறங்கினால் வெற்றி. கொழகொழவென்று உறைந்துபோனால் தோல்வி; அசிட்டோன் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். படிகம் இருந்தால்தான் எக்ஸ்ரேயில் வைத்து அமைப்பைச் சொல்ல முடியும் என்பதால் எல்லோருக்கும் படிகப் பைத்தியம். வழிகாட்டியான சாருக்கு அது முற்றியிருந்தது. அக்கா மட்டும் கழுவவில்லை. கழுவ வேண்டியதைப் போய் உட்கார்ந்து பார்த்தாள். சூட்டில் தனித்தனியாகத் திரியும் குட்டி மூலக்கூறுகள், ஆறும்போது ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு நாராக நீள்கின்றன. நார்கள் பின்னி வலையாகின்றன. அந்த வலைக்குள் கரைப்பான் முழுவதும் மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. சூடாக்கினால் கரைந்துபோகும், ஆறினால் யாரும் சொல்லாமலே மறுபடி கட்டிக்கொள்ளும். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் அந்த நார்களைப் பார்த்த அன்று அவள் மத்தியானம் சாப்பிடவே இல்லை. மூலக்கூறின் வாலைக் கொஞ்சம் நீட்டினால் நார் முறுக்கிக்கொண்டது, குறைத்தால் தட்டையானது. இதுதான் தன் ஆய்வேடு என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

சார் குப்பியைக் கையில்கூட வாங்கவில்லை. “இந்தப் பசையெல்லாம் களஞ்ஞிட்டு கிரிஸ்டல் கொண்டு வா” என்று குப்பைத் தொட்டியைக் காட்டினார். அக்கா பலமுறை கேட்டுப் பார்த்தாள். அதே பதில். உதவித்தொகைக் காலம் முடியப்போகும் நேரத்தில் சார் வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்குப் போய் வந்தார். அங்கே யாரோ ஒருவர் மேடையில் இதே மாதிரி ஒரு குப்பியைக் கவிழ்த்துக் காட்டியிருக்கிறார். வெள்ளைக்காரன் கவிழ்த்தவுடன் பசைக்கு மரியாதை வந்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் தமக்கே தோன்றிய யோசனைபோல் அதை விளக்கினார்; அக்காவின் சேர்மங்கள் அத்தனையையும் அப்போதுதான் சேர்ந்திருந்த ஒருவனிடம் கொடுக்கச் சொன்னார். அக்கா எழுந்து நின்றாள்.

“சார், அது நான் செஞ்சதல்லவா?”

“லேபில செய்யுறது லேபுக்குச் சொந்தம்” என்றார் சார்.

சார் பெயரிலும் அந்தப் புதியவன் பெயரிலும் கட்டுரை வந்தது. கடைசியில் நன்றி சொல்லும் பொடி எழுத்தில் அக்காவின் பெயர் இருந்தது. படிகமும் இல்லை, பசையும் கையைவிட்டுப் போயிற்று என்பதால் ஆய்வேடு முடியவில்லை, பட்டமும் இல்லை. திருவனந்தபுரத்துக்கு வெளியே, கல்லாறு போகும் வழியில் ஒரு பள்ளியில் வேதியியல் டீச்சராகப் போய்விட்டாள். பல வருஷம் ஆகியும் அந்தக் கட்டுரையை யாராவது புகழ்ந்தால் எனக்கு வயிறு எரிகிறது.

போன வருஷம் சாருக்குப் பாராட்டு விழா நடந்தது. பொன்னாடை, ஆளுயர மாலை. ஏற்புரையில் தன்னடக்கமாக, “நாங்க ஒண்ணும் செய்யல்ல. எல்லாம் தானே சேர்ந்து வந்தது” என்றார். அரங்கமே கைதட்டியது. மூலக்கூறு தானே சேரும், ஒத்துக்கொள்கிறேன். குப்பி தானே கவிழுமா? நான் மைக்கை வாங்கி, அக்காவின் பெயரை இனிஷியலோடு சொன்னேன். முதலில் கவிழ்த்தது அவள், குப்பையில் போடச் சொன்னது நீங்கள் என்றும் சொன்னேன். சார் சிரித்த முகம் மாறாமல் கேட்டார்: “ஆரு? எனக்கு ஓர்ம இல்லையே.” நினைவே இல்லையாம். பக்கத்திலிருந்த யாரோ என் கையிலிருந்து மைக்கைப் பதமாக வாங்கிக்கொண்டார்கள்.

அன்று மாலையே அக்காவுக்குப் போன் செய்து, இதையெல்லாம் எழுதப் போகிறேன், உன் பெயரைப் போட்டே எழுதப் போகிறேன் என்றேன். அவள் பதறிவிட்டாள். “பேரு வேண்டாம், கேட்டியா? பிஎச்.டி. முடிக்காம வந்தவளுன்னு இங்க பிள்ளைகளுக்குத் தெரியாண்டாம்.”

அதனால்தான் இங்கே அவள் பெயர் இல்லை. வெட்கப்பட வேண்டியவர் மாலையோடு வீட்டுக்குப் போனார். வெட்கம் இவளிடம் இருக்கிறது.